முடி பிடுங்கும் பழக்கமும் சாப்பாட்டுத் தட்டும்

பாடப் புத்தகத்தில் கண் இருக்கும்போதே கை உச்சந்தலைக்குப் போகும். சொரசொரப்பான ஒரு முடியை விரல்கள் தேடிப் பிடித்துச் சுண்டி இழுக்கும். வேரில் ஒட்டிய வெள்ளைக் குமிழைச் சிலர் உதட்டில் தடவிப் பார்ப்பார்கள். 1889இல் பிரெஞ்சுத் தோல் மருத்துவர் அல்லோப்போ ‘டிரைக்கோடில்லோமேனியா’ என்று பெயரிட்ட கோளாறு இது. பெரும்பாலும் 10 முதல் 13 வயதில் தொடங்கும். திட்டினாலும் கையில் அடித்தாலும் நிற்காது. பிள்ளை ஒளிந்துகொண்டு பிடுங்கும், அவ்வளவுதான்.

இனிப்பை நிறுத்தினால் போதுமா?

சர்க்கரை, சாக்லேட், காபியை விட்டதும் குறைந்தது என்பவர்கள் உண்டு. அதைப் பொய் என்று தள்ள வேண்டாம். ஆனால், முறையாகச் சோதித்து நிரூபித்த பத்தியம் எதுவும் இதுவரை இல்லை.

சுண்டெலிகளுக்கும் முடி பிடுங்கும் குணம் உண்டு. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் கூடினால் பிடுங்குவது குறையும் என்று எண்ணி, அது உருவாகத் தேவையான டிரிப்டோஃபானின் அளவையும் மாவுச்சத்தின் அளவையும் மாற்றியமைத்த தீனி கொடுத்தார்கள். செரட்டோனின் கூடியது; பிடுங்குவதும் கூடியது! சில எலிகளுக்குத் தோல் புண்ணும் வந்தது. ‘மூளைக்கு நல்லது’ என்று விற்கும் பொடிகளைப் பிள்ளைக்குக் கரைத்துக் கொடுக்கும் முன் இதை நினைத்துப் பாருங்கள்.

என்-அசிட்டைல் சிஸ்டீன் என்ற துணைச்சத்தை 2009இல் 50 பெரியவர்களிடம் 12 வாரம் சோதித்தார்கள். எடுத்துக்கொண்டவர்களில் 56 சதவீதத்தினர் தேறினர். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 16 சதவீதம்தான். குழந்தைகளிடம் 2013இல் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இரும்புச்சத்தைப் பாருங்கள்

பிடுங்கிய முடியைத் தின்னும் பிள்ளைகள் சிலருக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறது. அதைச் சரிசெய்ததும் தின்பது நின்றதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். கீரை, சுண்டல், ஈரல் கொடுங்கள். இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேர, சுண்டலில் எலுமிச்சை பிழியுங்கள். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம். பிடுங்கியதற்குத் தண்டனையாகப் பிடித்த பலகாரத்தை மறுக்கவே மறுக்காதீர்கள்.

எது உதவும்?

பழக்க மாற்றுப் பயிற்சிதான் முதல் சிகிச்சை. கை மேலே போகும் நொடியைக் கவனித்து, விரல்களை இறுக மூடி ஒரு நிமிடம் வைத்திருக்க மனநல ஆலோசகர் பழக்குவார். முடி தின்னும் பிள்ளைக்கு வயிற்றுவலி, வாந்தி, பசியின்மை இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். முடி செரிக்காது, இரைப்பையில் உருண்டையாகத் திரண்டுவிட்டால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.