நம்லாக் விளக்கை ஏற்றுவது யார்?

கணினியை இயக்கியதும் எந்த லினக்ஸ் வேண்டும் என்ற பட்டியல் வருகிறது. அம்புக்குறியைத் தட்டினால் பட்டை நகர்கிறது, என்டரும் வேலை செய்கிறது. சில நொடிகளில், பூட்டிய வட்டைத் திறக்கக் கடவுச்சொல் கேட்கிறது. இப்போது அதே யுஎஸ்பி கீபோர்டில் எதைத் தட்டினாலும் ஒரு சலனமும் இல்லை.

நம்லாக்கை அழுத்திப் பாருங்கள். அந்தப் பச்சை விளக்கைக் கீபோர்டு தானாக ஏற்றிக்கொள்வதில்லை. விசை அழுந்திய சேதி கணினிக்குப் போய், அங்கிருந்து 'விளக்கைப் போடு' என்று உத்தரவு வந்தால்தான் எரியும். எரியவில்லையா? பலகை பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். மறுமுனையில் கேட்க ஆளில்லை.

1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த பிஎஸ்/2 கீபோர்டு, விசை அழுந்தியதும் செயலியைத் தட்டிக் கூப்பிடும். 1996-இல் வந்த யுஎஸ்பியின் குணம் வேறு: கேட்டாலொழியப் பேசாது. 'ஏதாவது உண்டா?' என்று சில மில்லிநொடிக்கு ஒருமுறை கணினிதான் விசாரிக்க வேண்டும். எளிய வடிவில் பதில் வெறும் 8 பைட். முதல் பைட்டில் ஷிஃப்ட், கண்ட்ரோல் வகையறா, அடுத்தது காலி, மீதி ஆறில் அழுந்திய விசைகளின் எண்கள். கணினி விழித்ததும் முதலில் ஓடும் பயாஸ் போன்ற சிறிய நிரலுக்கும் புரியட்டும் என்றே இவ்வளவு எளிமை.

முதலில் விசாரிப்பது பயாஸ் அல்லது அதன் வாரிசான யுஇஎஃப்ஐ. பட்டியல் காட்டும் கிரப் பெரும்பாலும் அதன் காதைத்தான் இரவல் வாங்குகிறது. லினக்ஸின் மையமான கெர்னல் பொறுப்பேற்றதும் அந்த ஏற்பாடு முடிகிறது. இனி யுஎஸ்பி வாயிலுக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று என அதற்குச் சொந்த டிரைவர்கள் வேண்டும். பல லினக்ஸ்களில் அவை தனிக் கோப்புகள், இருப்பது அந்தப் பூட்டிய வட்டில். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான். (கீபோர்டு இல்லை, தொடர எஃப்1 அழுத்துக என்று பழைய பயாஸ்கள் சொன்னதற்கு இது சளைத்ததல்ல.)

இதற்காகத்தான் கெர்னலுக்கு இனிட்ராம்எஃப்எஸ் என்ற கட்டுச்சோற்று மூட்டை. வழியில் தேவைப்படும் டிரைவர்களை அதில் கட்டித் தருவார்கள். மூட்டையைச் சிறிதாக்க, அன்றைக்குச் செருகியிருந்த கருவிகளுக்கு மட்டும் கட்டும் வழக்கமும் உண்டு. மடிக்கணினியின் சொந்தக் கீபோர்டை மட்டும் பார்த்துக் கட்டிய மூட்டைக்கு, பிறகு மேசையில் வந்து சேர்ந்த யுஎஸ்பி கீபோர்டு அந்நியம்.

தீர்வு மூட்டை கட்டும் அமைப்பில் இருக்கிறது. ஆர்ச் லினக்ஸில் அதன் ஹூக்ஸ் வரியிலுள்ள 'கீபோர்டு' என்ற சொல்லை 'ஆட்டோடிடெக்ட்'டுக்கு முன்னால் நகர்த்தினால், இருக்கும் இல்லாத எல்லாக் கீபோர்டுகளுக்கும் சேர்த்துக் கட்டும். டெபியனில் அதன் மாட்யூல்ஸ் வரி 'டெப்' என்று சுருக்கப்பட்டிருந்தால் 'மோஸ்ட்' ஆக்க வேண்டும். கீபோர்டே இல்லாமல் இதைச் செய்ய உள்ளே போவது எப்படி? மடிக்கணினியின் சொந்த விசைகள், பழைய பிஎஸ்/2 பலகை, இரண்டும் இல்லையென்றால் வட்டைத் தொடாமல் தானே இயங்கும் லைவ் யுஎஸ்பி. அது தன் மூட்டையைத் தானே கொண்டுவரும்.

மூட்டையை மறுபடி கட்டி, கணினியை மறுபடி இயக்கி, கடவுச்சொல் கேட்கும் இடத்தில் நான் முதலில் தட்டுவது நம்லாக்கைத்தான்.