குஞ்சு வரும் பின்னே, சூடு வரணும் முன்னே!

சேலத்திலிருந்து 1997-ல் பிரிந்து வந்த நம் நாமக்கல் மாவட்டம் என்றால் எல்லோரும் "முட்டை" என்பார்கள். முட்டைக்கோழியோ கறிக்கோழியோ, பண்ணைக்குள் அது ஒரு நாள் குஞ்சாகத்தான் வந்து இறங்குகிறது. அந்தக் கொட்டகையை எவ்வளவு நேரத்துக்கு முன்னால் சூடாக்க வேண்டும்? எனக்கும் போன கார்த்திகை வரை தெரியாது.

எங்கள் தோட்டத்தில் சின்னக் கறிக்கோழிப் பண்ணை இருக்கிறது. கார்த்திகைக் கடைசியில் 500 குஞ்சு சாயங்காலம் 6 மணிக்கு வந்தது. பல்பு போடுவது என் வேலை. கரண்ட் மிச்சம் ஆகட்டும்னு 4 மணிக்குத்தான் சுவிட்சைப் போட்டேன். பல்புக்குப் பக்கத்திலேயே கட்டியிருந்த தெர்மாமீட்டர் 95 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. "சரியா இருக்குப்பா"ன்னு சொல்லிட்டுத் தூங்கப் போயிட்டேன்.

காலையில் பார்த்தால், குஞ்செல்லாம் பல்புக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. அடியில் சிக்கிய 37 குஞ்சு மூச்சு முட்டிச் செத்துப்போச்சு. அப்பா திட்டவில்லை. "உமியைத் தொட்டுப் பாரு கண்ணு"ன்னு மட்டும் சொன்னாரு. பல்புக்கு நேர் கீழே இளஞ்சூடு. ஒரு முழம் தள்ளித் தொட்டால் ஜில்லுன்னு இருந்தது.

ஏன் இப்படி?

காற்று லேசானது, சீக்கிரம் சூடாகும். சிமெண்டுத் தரை கனமானது, நிறைய வெப்பத்தைக் குடித்த பிறகுதான் சூடாகும். உமியோ வெப்பத்தை எளிதில் கடத்தாது. மேலே சூடு பட்டாலும் அடிவரை போக நேரமாகும்.

நம் வீட்டு இட்லிப் பானையைப் பாருங்கள். அடுப்பு பற்றியதும் ஆவி வருமா? முதலில் பானை, அப்புறம் தண்ணீர், அதற்கப்புறம்தான் ஆவி! நியூயார்க் போன்ற குளிர் ஊர்களில், பழைய கட்டடங்களில் நீராவியைக் குழாயில் விட்டு வீட்டையே சூடாக்குகிறார்கள். அங்கேயும் நீராவி முதலில் குழாயில் இருக்கும் காற்றை வெளியே தள்ள வேண்டும், குளிர்ந்த இரும்பைச் சூடாக்க வேண்டும். பிறகுதான் அறைக்குச் சூடு. எந்த ஊரானாலும் அவசரப்பட்டால் ஆகாது.

ஒரு நாள் குஞ்சுக்கு இறகு கிடையாது, பஞ்சு மாதிரி ரோமம்தான். முதல் இரண்டு வாரம் உடம்புச் சூட்டைத் தானாகக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது. தாய்க்கோழி இறக்கைக்குள் வைத்துக்கொள்ளும். பண்ணையில் அந்தத் தாய்தான் 'புரூடர்'.

நான் கற்றுக்கொண்டவை:

1. குளிர்காலத்தில் குஞ்சு வருவதற்கு 24 மணி நேரம் முன்பே புரூடரைப் போட வேண்டும்.

2. தெர்மாமீட்டரைப் புரூடரின் ஓரத்தில், உமிக்கு 2 அங்குலம் மேலே, குஞ்சின் முதுகு உயரத்தில் மாட்ட வேண்டும். நமக்குச் சூடாக இருந்து என்ன பயன்?

3. முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் (35 டிகிரி செல்சியஸ்). பிறகு வாரத்துக்கு 5 டிகிரி ஃபாரன்ஹீட் குறைக்கலாம்.

4. சூடு போகுமேன்னு படுதாவை முழுக்க மூடிவிடக் கூடாது. மேலே இடைவெளி வேண்டும். கரி அடுப்பு வைப்பவர்கள் ரொம்ப ஜாக்கிரதை! மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் குஞ்சுக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து.

5. தெர்மாமீட்டரைவிடக் குஞ்சே நன்றாகச் சொல்லும். பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, விலகி ஓடினால் சூடு அதிகம். ஒரே பக்கமாக ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று அடிக்கிறது. எல்லாப் பக்கமும் பரவி மேய்ந்தால் சரி. குஞ்சின் காலை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் தரை இன்னும் சூடாகவில்லை.

தை மாதம் அடுத்த 500 குஞ்சு வந்தது. சுவிட்ச் வேலையை அப்பா மறுபடியும் என்கிட்டயே குடுத்தாரு. முந்தின நாள் சாயங்காலமே போட்டுவிட்டேன். ராத்திரி மூன்று தடவை எழுந்து போய்ப் பார்த்தேன். விடியும்போது ஒன்றுகூடச் சாகவில்லை. அந்த 37 குஞ்சை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

உங்களுக்குத் தெரியுமா? குஞ்சு பொரிவதற்கு முன் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் ஒரு நாள் குஞ்சைத் தீனி இல்லாமலே வெளியூருக்கு அனுப்ப முடிகிறது!

— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி