சேற்றுக்கரையில் கடலுயிர்களைப் படமெடுப்பது எப்படி?

மலேசியாவின் தைப்பிங்கிற்கு அருகிலுள்ள கோலா செபெத்தாங், மாத்தாங் அலையாத்திக் காட்டை ஒட்டிய சேற்றுக்கரை. இங்கே நீருக்கடியில் படமெடுப்பது வீண் முயற்சி. மிதக்கும் வண்டல் துகள்கள் ஃபிளாஷ் ஒளியைத் திருப்பியனுப்ப, படமெங்கும் வெண்புள்ளிகளே விழும்.

சேற்றுக்கரைக்கு உகந்த வேளை, நீர் வற்றும் நேரம். சேற்றில் துள்ளும் மீன்கள் ஈரத்தோல் வழியாகவும் சுவாசிப்பதால் அப்போது வெளியே உலவும். அவற்றின் கண்கள் தலையுச்சியில் துருத்தி நிற்கின்றன; கேமராவைத் தரையோடு தாழ்த்தினால்தான் அந்த அழகு பதியும். ஈரச்சேற்றின் கண்கூசும் பளபளப்பைப் போலரைசர் வடிகட்டி பெருமளவு குறைக்கும்.

சேற்றில் இறங்காதீர்கள், காலடியில் அம்மீன்களின் வளைகள் இருக்கின்றன.