ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்ரிக்கும் ஊர்ப் பழக்கமும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருவீதியிலே, இரணைமடுக் குளத்து நீரினால் விளையும் வயல்கள் சூழ அமைந்த ஊர் முரசுமோட்டை. மாலை வேளையில் வயலிலிருந்து திரும்பும் கூலியாள் ஒருவர் அவ்வூர்க் கடையொன்றிற்குச் செல்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். கால் கிலோ சீனி, சிறிது பருப்பு, சிறிது மிளகாய்த்தூள், பிள்ளைகளுக்கு இரண்டு பணிஸ். வீடு சேரும்போது அவர் கையில் நான்கு பொலித்தீன் பைகளும், அவற்றை அடக்கிய ஐந்தாவது பையும் இருக்கும். அரைமணி நேரத்தில் அவை வளவின் மூலையைச் சென்றடையும்.

இதனைத் தடுக்கச் சட்டம் இல்லையா என நேயர்கள் வினவலாம். சட்டம் உண்டு. 2007 சனவரி முதலாம் திகதியிலிருந்தே 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உடைய பொலித்தீன் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரை ஆயிரங் கூறாக்கினால் வரும் ஒரு கூறு. 20 மைக்ரோன் தலைமயிரின் தடிப்பிலும் குறைந்தது. கடைக்காரர் அதனை எக்கண்கொண்டு அளப்பார்? தடை வர்த்தமானியில் இருந்தது, பை கடையில் இருந்தது.

2017 ஏப்பிரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று, கொழும்பு மீதொட்டமுல்லையிற் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே நாடு விழித்தது. அவ்வாண்டு செப்டெம்பரிலிருந்து சோறு கட்டும் லஞ்ச் சீற், றெஜிபோம் பெட்டி, அடர்த்திகூடிய பொலித்தீனாலான கடைப்பை ஆகியன தடுக்கப்பட்டன. திறந்தவெளியில் பிளாஸ்ரிக்கை எரிப்பதும் விலக்கப்பட்டது. 2021 இல் 20 மில்லிலீற்றருக்கு மேற்படாத சிறு பைக்கற்றுகளுக்குத் தடை வந்தது. உணவுக்கும் மருந்துக்கும் விலக்களிக்கப்பட்டது. 2023 ஒக்ரோபரில் உறிஞ்சுகுழல், கரண்டி, தட்டு, இடியப்பத் தட்டு முதலியன சேர்ந்தன. 2025 நவம்பரிலிருந்து கடைப்பையை இலவசமாகக் கொடுத்தலாகாது என்ற விதியும் வந்தது.

இத்தனைக்குப் பின்னும் பை ஒழியாமைக்குக் காரணம் யாது? மக்களின் அசட்டை என்று கூறிவிடுவது எளிது, ஆனால் நியாயமன்று. காலையிலே மண்வெட்டியோடு வயலுக்குச் செல்பவர் துணிப்பையையும் சுமந்து செல்வதில்லை. நாட்கூலி பெறுபவர் மாதச் சாமானை ஒருங்கே வாங்கவும் இயலாது. சிறிது சிறிதாக வாங்குபவருக்கே பை மிகுதியாகச் சேர்கின்றது. பைக்கு விலை வைத்தால் அச்சுமையும் அவர் மீதே மிகுதியாக விழும். மேலும், மீன், இறைச்சி, குழம்பு ஆகியவற்றைக் கடதாசி தாங்காது. ஈரத்தைத் தாங்கி மலிவாகவும் கிடைப்பதனாலேயே பொலித்தீன் வென்றது என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

குப்பை வண்டி நகரத்து வீதிகளுக்கு வரும் அளவிற்குக் கிராமத்து ஒழுங்கைகளுக்கு வருவதில்லை. எரிக்காதே என்று சட்டம் சொல்கின்றது. வேறென்ன செய்வது என்பதற்கு விடையில்லை. எரித்தால் நச்சுப்புகை வீட்டாரையே சேர்கின்றது. எரிக்காதது மாரிமழையில் வாய்க்காலுக்கு அடித்துச் செல்லப்பட்டு மதகுகளில் அடைகின்றது. 2018 டிசெம்பரில் கிளிநொச்சி மாவட்டம் கண்ட வெள்ளத்தை மறந்தவர் இலர். நீர் வடியும் வழியில் ஒரு பிடி பொலித்தீனும் பயிருக்குப் பகையாகும். உப்புச்சுவையும் சோற்று மணமும் ஒட்டிய பையை மாடு தின்றுவிடுகின்றது. அது செரிப்பதுமில்லை, முற்றாக வெளியேறுவதுமில்லை. இரைப்பையில் திரண்டு பசியை மறைக்கின்றது. நிறைந்த வயிற்றோடு விலங்கு மெலிந்து சாகும். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகளுக்கும் இதுவே நேர்ந்தது.

பனையோலைப் பெட்டியும் உமலும் இருக்கையில் பொலித்தீன் எதற்கு என்பாரும் உளர். யுத்த காலத்தில் வன்னி இழந்த பனைகள் எத்தனை என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பது நன்று. ஓலை வார்ந்து பெட்டி இழைப்பவருக்கு உரிய கூலி கொடுத்தால், அப்பெட்டி பொலித்தீனோடு விலையிற் போட்டியிடாது. ஆயினும் அது பல மாதம் உழைக்கும். கோயில் அன்னதானத்திற்கு வாழையிலையும் தாமரையிலையும் போதுமானவை; அங்கே தட்டுக்கு வேலையேயில்லை.

மண்ணெண்ணெய் வாங்க இன்றும் யாவரும் தத்தம் கலனைக் கொண்டே செல்கின்றனர். முன்னாளில் சோடாப் போத்தலுக்கு முற்பணம் கட்டி, வெற்றுப் போத்தலைத் திருப்பிக் கொடுத்து அப்பணத்தைப் பெற்றனர். கூட்டுறவுச் சங்கக் கடைகள் துணிப்பைகளை அவ்வாறே முற்பணத்துக்குக் கொடுத்து மீளப் பெறலாம். வெறுங்கையோடு வயலிலிருந்து வருபவருக்கும் அப்போது ஒரு பை கிடைக்கும். மறுநாள் அதனைச் சைக்கிள் கைபிடியில் மாட்டிக்கொண்டு வருவார்.