வேலிக்காலுக்குள் இருக்கும் கம்பி

வேலிக்கு நடப்படும் சிமெண்ட் கால்களை வார்க்கும் இரும்பு அச்சு, ஒவ்வொரு முறையும் ஒட்டிய கலவையைச் சுரண்டித் துடைத்து, உட்புறம் எண்ணெய் தடவி வைக்கப்படுமானால், பல ஆண்டுகள் மீண்டும் மீண்டும் பயன்படும். ஆனால் காலின் ஆயுள் பெரிதும் சார்ந்திருப்பது, உள்ளிருக்கும் கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடைப்பட்ட கலவையின் கனத்தை, அதாவது ‘கவர்’ எனப்படும் காப்படுக்கையை. கம்பி அச்சின் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டால் ஈரம் எளிதில் எட்டும்; துருவானது தான் தோன்றிய இரும்பைவிடப் பெருத்த இடத்தை அடைத்துக்கொள்வதால், கால் நீளவாக்கில் வெடித்துப் பிளக்கிறது. ஆகவே, ‘கவர் பிளாக்’ எனப்படும் சிறு சிமெண்ட் வில்லைகளைக் கம்பியில் கட்டிய பின்னரே கலவை இடுதல் வேண்டும். மறுநாளே அச்சைக் கழற்றலாம் எனினும், குறைந்தது 7 நாள்கள் ஈரச் சாக்கு போர்த்தி நனைத்துவருவதும், கலவை முழு வலுவை நெருங்கும் 28 நாள்கள் வரை நடாமல் காத்திருப்பதும் நலம்.