கத்துவது அணிலா, சிட்டா?

வேலூர்க் கோட்டை மரங்களில் 'ச்சிக், ச்சிக்' என்று விடாமல் கேட்கிறதா? பறவை என்று அண்ணாந்து பார்ப்பவர்கள் பல நேரம் ஏமாறுவார்கள். முதுகில் மூன்று வெள்ளைக் கோடுள்ள அணில் அது. பூனையைக் கண்டால் வாலை உதறி உதறிக் கத்தும். எடை சுமார் 100 கிராம். குரல் நமக்குப் போலவே தொண்டையில் பிறக்கிறது.

தையல்சிட்டு 10 கிராம் அளவுதான். சத்தத்தில் அணிலுக்குச் சளைத்ததில்லை. அதன் குரலுறுப்பு மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில், நெஞ்சுக்குள் இருக்கிறது. அலகால் இலையோரத்தில் துளையிட்டு, பஞ்சும் சிலந்தி நூலும் கோத்து, இலையைப் பைபோலத் தைத்து உள்ளே கூடு வைக்கும். ஆம்பூரில் ஷூ தைப்பவர்களும் மெச்சும் வேலைப்பாடு! அணிலின் கூடோ நாரும் புல்லும் திணித்த மூட்டை.

தைத்த இலையைக் கண்டால் தொடாமல் நகருங்கள்.