ஒரு பல் போதும்

ஒரு விலங்கு மாண்டு பல்லாயிரம் ஆண்டுகள் கழிந்தபின் குகை மண்ணில் எது மிஞ்சும்? எலும்பு பெரும்பாலும் மக்கிவிடும். மிஞ்சியதை முள்ளம்பன்றி கடித்துத் தீர்க்கும். பல்லை மூடியிருக்கும் எனாமல், உடலிலேயே கடினமான பொருள் என்பதால், பல் தப்பிவிடும்.

அந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்து நுண்சல்லடையில் அரித்தால் கடுகளவுப் பற்களும் அகப்படும். பிறகு உருப்பெருக்கியின் வேலை. உளிபோல் வளைந்த முன்பல்லா? நம் செம்பனைத் தோட்டத்து எலியைப் போன்ற கொறிக்கும் இனம். கடைவாய்ப் பல்லில் 'டபள்யூ' வடிவ மேடா? பூச்சி தின்னும் வௌவாலாக இருக்கலாம். பெரிய கடைவாய்ப் பல்லின் மேல் நுண்சுருக்கங்களா? அது ஓராங் ஊத்தான்!

தைப்பூசத்திற்கு நாம் செல்லும் பத்துமலையிலும் பேராவின் பாடாக் குகையிலும் கிடைத்த 9 பற்கள் ஓராங் ஊத்தானுடையவை என 2013இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். இன்று தீபகற்பக் காடுகளில் அக்குரங்கு இல்லை. பத்துமலையில் அது ஏறத்தாழ 60,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை வாழ்ந்திருக்கிறது. ஆகவே, உலகம் குளிர்ந்து வறண்ட அக்காலத்திலும் மேற்குக் கரையில் போதிய காடு இருந்தது என்பது அவர்கள் கருத்து.

நம் கெடாவிலும் பாலிங், குனோங் கெரியாங் எனச் சுண்ணாம்புக் குன்றுகள் உள்ளன. கல்லுக்காக ஒரு குன்றை உடைத்தால் குகை மண்ணும் போய்விடும். உடைக்குமுன் அதை ஒருமுறை அரித்துப் பார்க்க வேண்டாமா, நண்பர்களே?